தூதரின் பங்கும் நம்பிக்கையின் விலையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பிரான்சின் வெர்சாய் அரண்மனையைக் காண வந்தவர்களிடையே கீழை நாட்டு உடையணிந்த ஒருவர் நிற்கிறார். அவரைக் கண்ட மன்னர் பதினாறாம் லூயி, அவர் எந்த நாட்டின் தூதர் என்று விசாரித்துவரச் சொல்கிறார். தூதர் அல்லர், எகிப்திலிருந்து ஊர் பார்க்க வந்தவர் என்று பதில் போகிறது. இந்நிகழ்ச்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் அந்தப் பயணியே. அவர் பெயர் ஹயீம் யோசேப் தாவீது அசுலாய். ஜெருசலேமில் 1724இல் பிறந்த யூத சமய ஆசான், அதாவது ரபி.

மன்னருக்குச் சென்ற பதில் பாதிதான் உண்மை. அசுலாய் தூதர்தாம். ஆனால் அவருக்குப் பின்னால் அரசோ படையோ இல்லை. ஹெப்ரோன் என்ற சிற்றூரில் கடனில் மூழ்கிக் கிடந்த ஒரு யூதச் சமூகமே அவரை அனுப்பியிருந்தது. நாடு நாடாகச் சென்று நன்கொடை திரட்டி வருவதே அவர் பணி. இத்தகையோரை ‘ஷெலூஹா தெ ரப்பானான்’ என்பார்கள். ‘அறிஞர்களின் தூதர்’ என்பது இந்த அரமேயத் தொடரின் பொருள். சுருக்கமாக ‘ஷதார்’.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, சமய வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் இந்தத் தூதர்கள் மீது நீண்ட நாள் ஈடுபாடு உண்டு. திரட்டிய பணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று வகுப்பில் சொன்னதும், ‘ஐயா, இது தர்மமா, தரகா?’ என்று ஒரு மாணவர் கேட்டார். அன்று நான் சொன்ன விடை தவறு என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் உணர்ந்தேன். அதை விளக்கவே இக்கட்டுரை.

அனுப்பியவர்கள் யார்?

ஸ்பெயினை எபிரேய மொழியில் ‘செபாராத்’ என்பார்கள். 1492இல் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களும் அவர்தம் வழியினரும் செபார்டிகள் எனப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினருக்கு ஒட்டோமான் பேரரசு புகலிடம் தந்தது. அப்பேரரசின் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில் ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியா ஆகிய நான்கும் யூதர்களின் புனித நகரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த யூதச் சமூகங்களின் தலைமை பெரும்பாலும் செபார்டி அறிஞர்களிடமே இருந்தது. தூதர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களுக்கான ஆணைக் கடிதத்தில் கையொப்பமிட்டதும் அவர்களே.

இச்சமூகங்கள் எப்போதும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்ந்தன என்று சொல்ல முடியாது. பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் கம்பளித் துணி உற்பத்தியில் செழித்த நகரம். யூதச் சட்டத்தைத் தொகுத்த யோசேப் கரோ வாழ்ந்ததும் அங்கேதான். அந்த நூற்றாண்டின் இறுதியில் அத்தொழில் நலிந்தது. படிப்புக்குப் பெயர் பெற்ற ஊரில் படிப்பு மட்டும் எஞ்சியது, பிழைப்பு போய்விட்டது. வரிகள், உள்ளூர் அதிகாரிகளின் வசூல், 1759இல் வந்த பெரும் நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து கடனைப் பெருக்கின.

தொலைதூரத்தில் வாழ்ந்த யூதர்கள் இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கு யூத மரபு தந்த விடை இரக்கத்தைப் பற்றியது அன்று. கூட்டு வாணிபத்தைப் பற்றியது. யாக்கோபின் மக்களுள் செபுலோன் கடல் வாணிபம் செய்தான், இசக்கார் நூல்களைக் கற்றான், பொருளிலும் புண்ணியத்திலும் இருவருக்கும் பங்குண்டு என்பது பழைய விளக்கம். புனித நாட்டில் அமர்ந்து கற்பவர் உலகெங்கும் உள்ள தம் மக்களுக்காகவும் கற்கிறார். அவருக்குப் படியளக்கும் வணிகர் அந்தக் கல்வியின் பங்குதாரர். உழைக்காதவர்களுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. ஜெருசலேமில் பிறந்து, தாமும் தூதராக அலைந்த மோசே ஹகீஸ், ஆம்ஸ்டர்டாம் செல்வந்தர்களின் ஐயங்களுக்கு விடையாக ஒரு நூலே எழுதினார்.

கடிதமும் கணக்கேடும்

கொள்கை ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறைச் சிக்கல் பெரிது. கொடுப்பவர் ஆம்ஸ்டர்டாமிலோ துனிசிலோ இருக்கிறார். பெறுபவர் ஹெப்ரோனில் இருக்கிறார். வந்து நிற்பவர் உண்மையில் ஹெப்ரோனிலிருந்துதான் வருகிறாரா? கொடுத்த பணம் போய்ச் சேருமா? சேர்ந்தாலும் சொன்ன காரியத்துக்குச் செலவாகுமா? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதால் வரும் இத்தகைய சிக்கலைத் ‘தகவல் சமமின்மை’ என்கிறோம். ஐயம் வீணானதும் அன்று. போலிக் கடிதங்களுடன் வந்து வசூலித்துச் சென்றவர்களும் இருந்தார்கள்.

இதற்கு அக்காலம் கண்ட ஏற்பாடுகள் வியப்புக்குரியவை. தூதரிடம் அறிஞர்கள் கையொப்பமிட்ட ஆணைக் கடிதம் இருக்கும். ஊரின் துன்பத்தை எபிரேய நடை அழகுடன் எடுத்துரைக்கும் அக்கடிதம், அவரை அறிமுகப்படுத்தும் சான்றிதழுமாகும். சமூகத்தின் பெயரால் பணம் பெறும் அதிகாரத்தை வழங்கும் ஆவணம் தனியே உண்டு. இவற்றைவிட முக்கியமானது கணக்கேடு. எந்த ஊர் எவ்வளவு தந்தது என்பது அதில் பதிவாகும். தூதர் திரும்பியதும் அனுப்பியவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். முந்தைய பதிவுகளைக் கண்ட ஊர்களோ, சென்ற முறை கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூச்சப்பட்டன. ஒரே ஏடு தூதருக்குக் கடிவாளம், நன்கொடையாளருக்குத் தூண்டுகோல்.

உலகமும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேற்கு ஐரோப்பா ஒன்று, துருக்கியும் பால்கனும் ஒன்று, வட ஆப்பிரிக்கா ஒன்று, பாக்தாத் வழியே பாரசீகமும் இந்தியாவும் ஒன்று. திரட்டிய நாணயங்களை மூட்டை கட்டிச் சுமப்பது ஆபத்து. ஆகவே இத்தாலியின் லிவோர்னோ போன்ற துறைமுகங்களில் இருந்த செபார்டி வணிகர்களிடம் பணம் ஒப்படைக்கப்பட்டு, மாற்றுச் சீட்டாகக் கிழக்கே சென்றது. நம் வணிகர்கள் இதை உண்டியல் என்பார்கள். கோயிலில் காணிக்கை இடும் கலத்துக்கும் தமிழில் அதே பெயர்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

லிவோர்னோவுக்கும் நம் ஊருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. மத்தியதரைக் கடலின் பவளம் அங்கிருந்த செபார்டி வணிகர்கள் கைவழியே இந்தியாவுக்கு வந்தது. வைரம் திரும்பிச் சென்றது. லண்டன் யூத வணிகர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு சென்னைப் பட்டணம் வழியாக அதே வாணிபத்தைச் செய்தார்கள். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்த வாணிபத்தை இன்றும் நினைவூட்டுகிறது. ஹெப்ரோனின் தூதர் லண்டனிலும் லிவோர்னோவிலும் தட்டிய கதவுகளில் சில, இந்த வைரத்தாலும் பவளத்தாலும் செழித்தவை.

தூதருக்கு என்ன மிச்சம்?

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம். பயணச் செலவு போக எஞ்சியதில் தூதருக்கு ஒரு பங்கு ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு பலகாலம் வழக்கில் இருந்தது. இன்றைய அறநிறுவனம் ஒன்று வசூலில் இவ்வளவைத் திரட்டுபவருக்கே கொடுத்தால் நாளேடுகள் சும்மா விடுமா?

அந்தப் பங்குக்கு ஈடாக அவர் எதைக் கொடுத்தார் என்று பாருங்கள். அசுலாய் முதன்முறை 1753இல் புறப்பட்டு இத்தாலி, ஜெர்மானிய நாடுகள், ஹாலந்து, இங்கிலாந்து, பிரான்ஸ் எனச் சுற்றி 1758இல்தான் திரும்பினார். இரண்டாம் முறை 1772இல் புறப்பட்டார். துறைமுகங்களில் நோய்த் தடுப்புக் காவலில் நாள்கணக்கில் அடைபட்டார். ஊர்ப் பெரியவர்களின் வாசலில் காத்திருந்தார். சில இடங்களில் அவமானப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். 1773இல் அவர் மனைவி மறைந்தபோது அவர் தொலைதூரத்தில் பயணத்தில் இருந்தார்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. கணவன் இறந்தான் என்று உறுதியாகத் தெரியாதவரை யூதச் சட்டப்படி மனைவி மறுமணம் செய்ய முடியாது. கடலில் காணாமல் போகும் தூதரின் மனைவி வாழ்நாள் முழுதும் கட்டுண்டு கிடக்க நேரும். அதனால், குறித்த காலத்துக்குள் திரும்பாவிட்டால் செல்லுபடியாகும் நிபந்தனை மணவிலக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படும் வழக்கம் இருந்தது. மணவிலக்கில் கையொப்பமிட்டுவிட்டு வசூலுக்குக் கிளம்பும் ஒருவரின் பங்கைத் தரகு என்று சொல்ல எனக்கு இன்று மனம் வரவில்லை.

இப்பணிக்குப் பேச்சுத் திறமை உள்ள யாரையேனும் அனுப்பியிருக்கலாமே. தலைசிறந்த அறிஞரை ஏன் அனுப்பினார்கள்? கடிதத்தைப் போலியாக எழுதலாம். முத்திரையையும் போலியாகச் செய்யலாம். தல்மூதில் ஊறிய புலமையைப் போலியாகக் காட்ட முடியாது. உள்ளூர் அறிஞர்கள் கால் மணி நேரம் பேசினால் போதும். வந்தவர் யாரென்று தெரிந்துவிடும். இழப்பதற்கு ஒரு பெயர் உள்ளவரே நம்பத்தக்க முகவர். அவரது புலமையே அவருக்குப் பிணை.

கொடுத்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தூதர் தொழுகைக் கூடத்தில் உரை நிகழ்த்தினார், வழக்குகளைத் தீர்த்துவைத்தார், சட்ட ஐயங்களுக்கு விடை எழுதினார், ஓர் ஊரின் செய்தியை மறு ஊருக்குக் கொண்டு சென்றார். அசுலாய் போன இடமெல்லாம் நூலகங்களைத் தேடிப் போனார். பாரிஸில் மன்னரின் நூலகத்திலும் கையெழுத்துப் படிகளைப் பார்வையிட்டார். அந்தத் தேடலின் விளைவாக, யூத ஆசிரியர்களையும் நூல்களையும் பட்டியலிடும் அவரது ‘ஷெம் ஹகெதோலிம்’ 1774 முதல் லிவோர்னோவில் அச்சாகத் தொடங்கியது. யூத நூலியலின் அடிப்படை நூல்களுள் அது ஒன்று. ஹெப்ரோனின் கடனை அடைக்கப் போன பயணத்தில் விளைந்தது அது. எந்த வரவு செலவுக் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

ஹெப்ரோனில் பிறந்த ரஃபேல் ஹயீம் ஐசக் கரிகால் இன்னொரு சான்று. பெயரைக் கேட்டதும் நமக்குச் சோழ மன்னன் நினைவு வரும், தொடர்பு ஏதுமில்லை. மேற்காசியா, ஐரோப்பா, கரீபியன் தீவுகள் எனச் சுற்றிய இவர், 1773இல் வட அமெரிக்காவின் நியூபோர்ட் நகருக்கு வந்தார். அங்கிருந்த கிறித்தவப் போதகர் எஸ்ரா ஸ்டைல்ஸ் இவரோடு எபிரேய நூல்களைப் பற்றி மாதக்கணக்கில் உரையாடினார். அவ்வாண்டு மே மாதம் பெந்தெகொஸ்தே பண்டிகையன்று கரிகால் ஸ்பானிய மொழியில் ஆற்றிய உரை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அந்நகரிலேயே அச்சாயிற்று. பின்னாளில் ஏல் கல்லூரியின் தலைவரான ஸ்டைல்ஸ் இவரது உருவப்படத்தை வரையச் செய்தார். கரிகால் ஊர் திரும்பவில்லை; 1777இல் பார்படோசில் காலமானார்.

நம்பிக்கை மட்டும் போதாது

புலமையும் நல்லெண்ணமும் இருந்தால் எல்லாம் நலமாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. 1700இல் யூதா ஹசீத் என்ற போதகர் ஐரோப்பாவிலிருந்து பெருங்கூட்டத்துடன் ஜெருசலேம் வந்து, வந்த சில நாள்களிலேயே இறந்தார். ஜெர்மனி, போலந்துப் பகுதிகளைச் சேர்ந்த அஷ்கெனாசி யூதர்கள் அவர்கள். கட்டடத்துக்கும் வாழ்வுக்கும் கடன் வாங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து எதிர்பார்த்த பணம் போதிய அளவு வரவில்லை. 1720இல் கடன் கொடுத்தவர்கள் அவர்களது தொழுகைக் கூடத்துக்குத் தீ வைத்தனர். அச்சமூகமே நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் வந்த அஷ்கெனாசிகள், பழைய கடன் தங்கள் தலையில் விழாமலிருக்கச் செபார்டிகளைப் போல் உடையணிந்து நடமாடினார்கள்.

செபார்டி சமூகமும் கடனில் தத்தளித்தது. 1726இல் இஸ்தான்புல் நகரின் செல்வாக்குள்ள யூதர்கள் ஜெருசலேமுக்கென ஒரு குழு அமைத்தார்கள். கடன்காரர்களுடன் பேசித் தவணை முறையை வகுத்தார்கள். பேரரசின் யூதர்களிடம் சிறு தொகையை ஒழுங்காகத் திரட்டினார்கள். தூதர்களை அனுப்புவதையும் கணக்குகளையும் தம் மேற்பார்வையில் கொண்டுவந்தார்கள். யார் குடியேறலாம் என்பதில்கூட விதிகள் வகுத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் இது கடன் சீரமைப்பு. நிபந்தனைகள் கசந்தன, ஆனால் சமூகம் பிழைத்தது. புலவரின் முகமும் கணக்கரின் ஏடும் சேர்ந்து இயங்கியபோதுதான் இந்த ஏற்பாடு நிலைத்தது.

தூதர்கள் தேவையா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1809இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மையக் குழு தோன்றியது. அதை நடத்திய செல்வந்தர் ஹிர்ஷ் லேரன் சிக்கனத்தில் உறுதியானவர். உள்ளூர்ப் பொருளாளர்கள் பணத்தைத் திரட்டி நேரே ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினால் போதும். ஆண்டுக்கணக்கில் அலைந்து வசூலின் பெரும்பகுதியைத் தின்றுவிடும் தூதர்கள் எதற்கு என்று கேட்டார். எண்களைப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். மேற்கு ஐரோப்பாவில் தூதர்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. வீட்டுச் சுவரில் தொங்கும் காணிக்கைப் பெட்டியும் அஞ்சலும் அவர்கள் இடத்தைப் பிடித்தன. ஒரு உண்டியல் போய் மற்றோர் உண்டியல் வந்தது என்று தமிழில் சொல்லலாம்.

பணம் குறைந்த செலவில் சென்று சேர்ந்தது. கூடவே, செபார்டிகளுக்கு எவ்வளவு, அஷ்கெனாசிகளுக்கு எவ்வளவு என்ற பங்குச் சண்டை வளர்ந்தது. பெறுபவர்கள் சோம்பேறிகள் என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. நேரில் வந்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஐயம் குடியேறும். லிவோர்னோவில் பிறந்து லண்டனில் செல்வம் ஈட்டிய மோசஸ் மாண்டிஃபியோரி, தாமே புனித நாட்டுக்குப் பயணம் செய்து, 1839இல் அங்கிருந்த யூதர்களைப் பெயர், தொழில், வாழ்நிலை வாரியாகக் கணக்கெடுக்கச் செய்தார். தூதர் வராத காலத்தில், கொடையாளர் தாமே தூதராகிக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் தூதர்கள் தொடர்ந்து சென்றார்கள். 1850களின் இறுதியில் ஜெருசலேமிலிருந்து புறப்பட்ட யாகோப் சபீர் என்ற அஷ்கெனாசித் தூதர் யேமன், இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போனார். யேமன் யூதர்களின் வாழ்வையும் கொச்சி யூதர்களையும் பற்றி அவர் எழுதியவை இன்றும் ஆய்வாளர்களுக்கு ஆதாரம்.

நான் செய்த பிழை

பணி ஓய்வுக்குப் பின், ஏழை மாணவர்களுக்கு உதவும் ஒரு சிறு அறக்கட்டளையின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காக முதியவர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று கொடையாளர்களைச் சந்தித்து வந்தார். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, சிறு மதிப்பூதியம் என அவருக்கான செலவு வசூலில் கால் பங்கை எட்டியது. நான் பொருளியல் பேராசிரியர் அல்லவா? வங்கிக் கணக்கு எண்ணை அச்சிட்டு அனுப்பினால் போதும், பயணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் முகம் சுளிக்காமல் விலகிக்கொண்டார்.

முதல் ஆண்டு மிச்சம் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் கொடையாளர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பழைய கொடையாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ‘பணம் அனுப்பத் தெரியாமல் இல்லை சார். அவர் வந்தால் எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது யார் சொல்கிறார்கள்?’ என்றார். ஹிர்ஷ் லேரன் பார்த்த அதே எண்களைத்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

தர்மமா, தரகா என்று கேட்ட மாணவரிடம் அன்று நான், ‘மூன்றில் ஒரு பங்கு என்பது வீண் செலவு, நிறுவனம் வளர்ந்ததும் அது ஒழிந்தது’ என்று சொன்னேன். இன்று கேட்டால் வேறு விதமாகச் சொல்வேன். அந்தப் பங்கு, ஒருவரை ஒருவர் காணாத இரு தரப்புக்கு நடுவே நம்பிக்கையை உண்டாக்கும் செலவு. அதைக் குறைக்கலாம், தணிக்கை செய்யலாம், முறைப்படுத்தலாம். இஸ்தான்புல் குழு அதைத்தான் செய்தது. அடியோடு நீக்கினால், அதோடு போவது எதுவென்று கணக்கேட்டில் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

நன்கொடை கேட்டு வரும் நிறுவனத்திடம், வசூலுக்கு எத்தனை விழுக்காடு செலவாகிறது என்று கேட்பது சரியான கேள்வி, தொடர்ந்து கேட்போம். அதனோடு இன்னொன்றையும் கேட்கலாம்: நான் கொடுத்தது என்ன ஆயிற்று என்று என்னிடம் வந்து சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறாரா? அறக்கட்டளையை விட்டு விலகிய அந்த முதியவரை மீண்டும் அழைத்திருக்கிறோம். பேருந்துக் கட்டணம் இப்போது கூடியிருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் அதை நானே எழுதிச் சேர்த்தேன்.